நீலகிரி தைலத்தில் நீலகிரி எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குன்னூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கோடை சீசன் தொடங்குவதற்குள் இந்தக் கடிதம் உங்கள் நாளிதழில் வந்துவிட்டால் நல்லது, ஏனென்றால் மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு வருகிற கூட்டம் மலையை விட்டு இறங்கும்போது வர்க்கி, டீத்தூள், ஹோம் மேட் சாக்லேட் இவற்றோடு கட்டாயம் ஒரு பாட்டில் தைலமும் வாங்கிக்கொண்டுதான் போகும். வர்க்கி நமத்துப் போயிருந்தால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். தைலத்தை அப்படிப் போடமாட்டார்கள். அலமாரியில் வைத்து வருஷக்கணக்கில் பாட்டியின் முழங்காலிலும் பேரனின் நெஞ்சிலும் தேய்ப்பார்கள். என் கவலை அதுதான்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இங்கே ரோட்டோரக் கடைகளில் ‘ஒரிஜினல் நீலகிரி தைலம்’ என்று அடுக்கி வைத்திருப்பதில் பெரும்பகுதி நீலகிரியில் காய்ச்சியது இல்லை என்பது எங்கள் ஊரில் ரகசியமே கிடையாது. ஆட்டோ ஓட்டுகிறவருக்குத் தெரியும், லாட்ஜ்காரருக்குத் தெரியும், விற்கிறவருக்கு ரொம்ப நன்றாகவே தெரியும். தெரியாத ஒரே ஆள் காசு கொடுத்து வாங்குகிறவர்தான். தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம், “ஏம்பா, இதில் என்னதான் இருக்கு?” என்று கேட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை, மறைக்கவும் இல்லை. “அக்கா, டூரிஸ்டுக்கு மூடியைத் திறந்தா வாசம் வரணும், அவ்வளவுதான். எனக்கு கேன்ல வருது, நான் பாட்டில்ல ஊத்தறேன். அதுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது” என்றார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்கே தெரியாது என்பதுதான் இதில் பெரிய பயம்.

நிஜத் தைலம் எப்படி வருகிறது என்று பார்த்தவர்களுக்கு விலையில் உள்ள கோளாறு உடனே புரியும். தைல மரத்தை எங்கள் பக்கம் கற்பூர மரம் என்றுதான் சொல்வோம். 1843-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கே வந்த மரம், பிறகு விறகுக்காக மலை முழுக்க நட்டார்கள். கீழே உதிர்ந்த இலையைப் பெண்கள் கூட்டிப் பொறுக்கி மூட்டை கட்டி, தலைச்சுமையாக ஓடைக்கரைக் கொட்டகைக்குக் கொண்டுவருவார்கள். பெரிய கலத்தின் அடியில் தண்ணீர், மேலே இலையை மிதித்து மிதித்து அடைப்பார்கள், மூடியைச் சுற்றிக் களிமண் பூசுவார்கள், ஆவி போகாமல் இருக்க. கீழே தீ. அந்தத் தீக்கும் முந்தின நாள் காய்ச்சி எடுத்த சக்கை இலைதான் விறகு. ஆவி குழாய் வழியாக ஓடைத் தண்ணீருக்குள் போய்க் குளிர்ந்து, மறுமுனையில் ஒரு டின்னில் சொட்டும்; தண்ணீர் அடியில் நிற்கும், தைலம் மேலே மிதக்கும். கண்ணெரிச்சலோடு மணிக்கணக்கில் அடுப்பைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். இவ்வளவும் செய்து நூறு கிலோ இலைக்கு ஒரு கிலோ எண்ணெய் கிடைத்தால் அது நல்ல அடுப்பு. இலைக்கூலி, சுமைக்கூலி, அடுப்புக்கூலி, பாட்டில், கடைக்காரர் லாபம் எல்லாம் கூட்டிப் பாருங்கள். ‘மூணு பாட்டில் நூறு ரூபாய்’ என்று பஸ் ஜன்னல் வரைக்கும் ஓடி வந்து விற்க முடியுமா?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்நிய மரங்களை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டு, வனத்துறை சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர மரத்தையும் பல இடங்களில் எடுத்து வருகிறது. சோலைக்கும் நீரூற்றுக்கும் அது நல்லதுதான், நான் அதற்கு எதிரி இல்லை. மரம் குறைகிறது, இலை குறைகிறது, காய்ச்சுகிற கொட்டகைகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. கடையில் மட்டும் பாட்டில் குறையவே இல்லையே, அது எப்படி?

அப்படியானால் கேனில் வருவது என்ன? இதில் எல்லாவற்றையும் ஒரே தராசில் போட எனக்கு விருப்பமில்லை. ஓரளவு நல்ல சரக்கு என்றால் வெளிநாட்டு எண்ணெய். சீனாவிலிருந்து ‘யூகலிப்டஸ் ஆயில்’ என்று உலகம் முழுக்கப் போவதில் கணிசமான பங்கு யூகலிப்டஸ் இலையிலிருந்தே வருவதில்லை. நிஜமாகவே கற்பூரம் எடுக்கிற வேறொரு மரத்தின் எண்ணெயிலிருந்து சினியோல் என்ற பகுதியைப் பிரித்தெடுத்து அனுப்புகிறார்கள். மூக்கடைப்பை விடுவிப்பது அந்தச் சினியோல்தான், நம் தைலத்திலும் முக்கியச் சத்து அதுதான். ஆகவே அந்த எண்ணெய் விஷம் என்று நான் சொல்லமாட்டேன். நீலகிரி என்று எழுதி அதை விற்பது ஏமாற்று, இங்கே புகையில் நின்று காய்ச்சுகிறவன் வயிற்றில் அடிப்பது, அவ்வளவே. உடம்புக்குக் கெடுதல் வருவது அதற்கு அடுத்த கட்டத்தில். அந்த எண்ணெயையும் நீட்டி முழக்கி லாபம் பார்க்க பெயிண்டில் கலக்கிற டர்பன்டைன், மண்ணெண்ணெய், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கிற லிக்விட் பாரபின் என்று எது கிடைக்கிறதோ அதை ஊற்றி, வாசம் குறைந்துவிடக் கூடாதே என்று கொஞ்சம் கற்பூரம் கரைத்து, சில நேரம் பச்சைச் சாயமும் விடுகிற கட்டம் அது. செம்புக் கலத்தில் காய்ச்சினால் தைலத்தில் லேசாகப் பச்சை ஓடலாம், மற்றபடி சுத்தமான தைலம் நிறமில்லாமலோ வெளிர் மஞ்சளாகவோதான் இருக்கும். கிளிப்பச்சையில் தைலம் பார்த்தால் அதைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.

கலப்படம் என்றதும் நம் ஆட்கள் பாலில் தண்ணீர் ஊற்றுவதைத்தான் நினைக்கிறார்கள். “என்ன ஆகிடப் போகுது, கொஞ்சம் சக்தி குறைஞ்சிருக்கும்” என்று என் கடையிலேயே பலர் சொல்கிறார்கள். மருந்தில் அந்தக் கணக்கு செல்லாது. மருந்தில் என்ன குறைந்தது என்பதைவிட அந்த இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்பதுதான் ஆளைச் சாய்க்கும்.

குழந்தை விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தமான யூகலிப்டஸ் எண்ணெயே குழந்தை விழுங்கிவிட்டால் ஆபத்து. சில மில்லி போதும், மயக்கம் வரும், வலிப்பு வரும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கருகே, முகத்தில் தடவவே கூடாது. கற்பூரமும் அப்படித்தான். இது தெரியாமல் நம் வீடுகளில் கைக்குழந்தைக்குச் சளி என்றால் தலையணையில் சொட்டுவதும் மூக்கடியில் தடவுவதும் சர்வ சாதாரணம். சரி, அது அறியாமை, சொல்லித் திருத்தலாம். கலப்படம் இதற்கு மேலே இன்னொரு குழியை வெட்டி வைக்கிறது. பாட்டிலில் மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ இருந்தால், விழுங்கிய குழந்தைக்கு முதல் அடி நுரையீரலில் விழும். பதறிப்போய் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவாகிவிடும். அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் பாட்டிலை வாங்கிப் பார்ப்பார். அதில் ‘சுத்தமான நீலகிரி தைலம், நூறு சதவீதம் இயற்கை’ என்று இருக்கும். அதை நம்பி அவர் ஒன்றுக்கு வைத்தியம் பார்க்க, உள்ளே இருப்பது வேறொன்று. லேபிளில் பொய் எழுதுகிறவர் டாக்டரின் கண்ணையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்.

தோலுக்கு வருகிற தொல்லை இதைவிடச் சின்னது, ஆனால் அடிக்கடி பார்க்கிறேன். நம் நாட்டு டர்பன்டைனில் கேரீன் என்ற பொருள் அதிகம், அது பலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் கிளப்பும். தைலம் தேய்த்த இடத்தில் சிவந்து தடித்துப்போய் வருகிறவர்கள், “தைலம் எனக்கு ஒத்துக்கலைங்க” என்று தங்கள் உடம்பையே குறை சொல்லிக்கொண்டு ஆயின்மென்ட் வாங்கிப் போகிறார்கள். ஒத்துக்கொள்ளாதது தைலமா, அதற்குள் ஊற்றியதா என்று யாருக்குத் தெரியும்?

அப்புறம் விண்டர்கிரீன் எண்ணெய். இந்த மலையில் காட்டுச் செடியாகவே விளைகிற கோல்தீரியா இலையில் காய்ச்சுவது, மூட்டுவலிக்கு என்று கடைக்குக் கடை இருக்கிறது. அந்த எண்ணெயில் கிட்டத்தட்ட முழுவதுமே மீதைல் சாலிசிலேட் என்ற ஒரே பொருள்தான், அதைத் தொழிற்சாலையில் மிகச் சல்லிசாகத் தயாரிக்கலாம். ஆகவே செடியில் காய்ச்சியது என்று விற்பதில் எவ்வளவு செடியிலிருந்து வந்தது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். செடியிலிருந்து வந்தாலும் டிரம்மிலிருந்து வந்தாலும் அபாயம் ஒன்றுதான்: ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். 325 மில்லிகிராம் மாத்திரை இருபதுக்கு மேல் ஒரே வாயில் விழுங்குவதுபோல. இனிப்பான மணம், குழந்தை ஆசையாக வாயில் வைக்கும். இருதயத்துக்காக வார்பரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் இதைத் தினமும் தாராளமாகத் தேய்த்தாலே மாத்திரையின் வேகம் கூடி ரத்தக்கசிவு வரலாம். ஆஸ்பிரின் அலர்ஜி உள்ளவர்களும் கிட்டே போகக் கூடாது. கம்பெனி பாம் வாங்கினால் மீதைல் சாலிசிலேட் இத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கும், பார்த்துச் சொல்லலாம். ரோட்டோர ‘மூலிகை மூட்டுவலித் தைலம்’ பாட்டிலில் இருப்பது ஒரு சாமியார் படம், இரண்டு இலை, ஒரு செல்போன் நம்பர்.

தைலத்தோடு நின்றால்கூடப் பரவாயில்லை. சந்தையில் விற்கிற மூட்டுவலிப் பொடிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா, கோத்தகிரிப் பக்கம். குளிரிலும் ஈரத்திலும் நின்று நின்று முட்டி தேய்ந்தவர். சந்தையில் வாங்கிய ‘மலை மூலிகைப் பொடி’ சாப்பிட்டு இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்று என்னிடம் வந்து சொன்னபோது அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. எந்த மூலிகையும் அப்படி சுவிட்ச் போட்டதுபோல் வேலை செய்து நான் பார்த்ததில்லை. சில மாதத்தில் முகம் உப்பி வட்டமாகிவிட்டது, சர்க்கரை ஏறியது, கால் புண் ஆறவில்லை. டாக்டர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “வெளியில் ஏதாவது பொடி சாப்பிட்டீர்களா?” பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று சந்தேகப்பட்டுத்தான் வைத்தியத்தைத் தொடங்கினார். டெக்சாமெத்தசோன் மாதிரி மாத்திரைகளை இடித்து மூலிகைப் பொடியில் கலப்பது புது விஷயம் இல்லை, மருத்துவத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பழைய திருட்டு. இதில் இரட்டை ஆபத்து: தொடர்ந்து சாப்பிட்டால் எலும்பும் சர்க்கரையும் கெடும், பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்தினாலோ உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும், ரத்த அழுத்தம் விழுந்து ஆளே சரிந்துவிடலாம். சாப்பிடுகிறவருக்குத் தான் ஸ்டீராய்டு சாப்பிடுகிறோம் என்பதே தெரியாதபோது இதையெல்லாம் யார் அவருக்கு எச்சரிப்பது?

ஒரு மூலிகைக்குப் பதில் இன்னொரு மூலிகை போவதும் இப்படித்தான். அசோகப் பட்டை என்று கேட்டால் பல இடங்களில் வருவது நெட்டிலிங்கப் பட்டை. பள்ளிக்கூடக் காம்பவுண்டில் நெட்டையாக நிற்கிறதே, அது. இதில் பலன் இல்லை என்பதோடு போகும். எப்போதும் அப்படிப் போகாது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த சீன மூலிகைப் பொடியில் ஒரு செடிக்குப் பதிலாக ஆடுதின்னாப்பாளை இனத்தைச் சேர்ந்த வேறொரு செடி கலந்து போனது. நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது, சிலருக்குப் பின்னால் புற்றுநோயும் வந்தது. 2004-ல் அமெரிக்காவில் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. யாரோ ஒருவர் வாங்கிச் சோதித்துப் பார்த்ததால் அது தெரிந்தது. நம் சந்தைப் பொடியை யார் வாங்கிப் பார்க்கிறார்கள்?

நான் மூலிகைக்கு எதிரி என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் கடையிலேயே சித்த மருந்துகள் விற்கிறேன், எனக்குச் சளி பிடித்தால் முதலில் ஆவிதான் பிடிப்பேன். ஒழுங்காகத் தயாரிக்கிற சித்த, ஆயுர்வேதக் கம்பெனிகள் இருக்கின்றன, அரசின் மூலிகை மருந்து நிறுவனமான டாம்ப்கால் இருக்கிறது. அவர்கள் பேரும் சேர்ந்துதான் இந்தக் கேன் வியாபாரத்தால் கெடுகிறது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1940-ம் வருஷத்து மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்துக்குள் 1964-ல் சித்த, ஆயுர்வேத மருந்துகளும் வந்துவிட்டன. தயாரிக்க லைசென்ஸ் வேண்டும். லேபிளில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், தயாரித்த தேதி, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் இருக்க வேண்டும். கலப்பட மருந்து, போலி மருந்து இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவே இருக்கிறது. ஆனால் விற்பதற்கு லைசென்ஸ் தேவையில்லை. பாராசிட்டமால் விற்க நான் லைசென்ஸ் வாங்கி, பார்மசிஸ்ட் வைத்து, ஒவ்வொரு அட்டைக்கும் பில் வைத்திருக்க வேண்டும். எனக்கு எதிர்ப்பக்கம் தள்ளுவண்டியில் ஒருவர் ஸ்டீராய்டு கலந்த பொடியை ‘மூலிகை’ என்று சொல்லிக் கூவி விற்கலாம், அவரிடம் எந்தக் காகிதத்தையும் யாரும் கேட்பதில்லை.

வாங்குகிறவருக்கு உள்ள உரிமையிலும் ஓட்டை. ஆங்கில மருந்தில் சந்தேகம் வந்தால், அந்தச் சட்டத்தின் 26-வது பிரிவின்படி யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லலாம். சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கான 4ஏ அத்தியாயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். அப்படியொரு பிரிவு அங்கே இல்லை. இன்ஸ்பெக்டர் எடுத்தால்தான் மாதிரி. அந்த இன்ஸ்பெக்டர் மலைக்கு எப்போது ஏறி வருவார், எடுத்த மாதிரி சென்னைக்குப் போய் எப்போது திரும்பும் என்பது தனிக்கதை.

இதே ஊரில் டீத்தூளில் சாயம் கலந்தால் தேயிலை வாரியம் வருகிறது, உணவுப் பாதுகாப்பு அதிகாரி வருகிறார், மூட்டை மூட்டையாகப் பிடிக்கிறார்கள். சாக்லேட் பெட்டியில் உணவுப் பாதுகாப்பு நம்பர் இல்லாவிட்டால் கேள்வி வருகிறது. பக்கத்துத் தட்டில் இருக்கிற தைல பாட்டிலைத் தொடுவதற்கு அந்த அதிகாரிக்கு அதிகாரம் இல்லை, அது உணவு இல்லையே. லேபிளில் ‘சித்த மருந்து’ என்றும் இல்லை, எனவே மருந்து என்று பார்க்கவும் ஆளில்லை. மலையேறும் வழியில் கல்லாறிலும் பர்லியாறிலும் பிளாஸ்டிக் தடைக்காக வண்டியை நிறுத்தி, குழந்தை கையில் இருக்கிற தண்ணீர் பாட்டிலைக்கூட வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் (சரியான வேலைதான், குறை சொல்லவில்லை). அதே ரோட்டில் மேலே ஏறுகிற எண்ணெய்க் கேனை ஒருவரும் மூடி திறந்து மோந்துகூடப் பார்ப்பதில்லை.

இத்தனைக்கும் இந்த மலைக்குச் சோதனை என்பது புதிதா? 1860-களில் இங்கே கொயினா மருந்து எடுக்கிற சின்கோனா மரத்தை நட்ட அரசாங்கம், 1866-ல் ஜான் பிரௌட்டன் என்ற வேதியியலாளரை ஊட்டியிலேயே உட்கார வைத்து, எந்தப் பட்டையில் எவ்வளவு மருந்துச் சத்து என்று சோதிக்க வைத்தது. நடுவட்டத்தில் கொயினா தொழிற்சாலை நடந்தது. மலேரியாவுக்கு அந்தக் காலத்தில் அதை விட்டால் வேறு மருந்தில்லை, கொயினா என்ற பெயரில் கலப்படச் சரக்கு புழங்குவது அப்போதும் பெரிய தலைவலி. குதிரையும் மாட்டுவண்டியும் ஏறிய காலத்தில் ஒரு மூலிகைப் பட்டையைச் சோதிக்க ஊட்டியில் ஆள் இருந்தார். இன்றைக்குத் தைலம் என்று எழுதிய பாட்டிலைச் சோதிக்க மலையிறங்க வேண்டியிருக்கிறது. பார்மசி கல்லூரியே ஊட்டியில் இருக்கும்போது!

வீட்டில் சோதிக்க முடியாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுக் காய வைத்துப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும்: எண்ணெய்ப் பசை வட்டமாக நின்றுவிட்டால் சமையல் எண்ணெயோ பாரபினோ கலந்திருக்கிறது. ஆனால் கறை இல்லை என்பதற்காக நல்ல தைலம் என்று நம்பிவிடாதீர்கள். டர்பன்டைனும் ஆவியாகிப் போய்விடும், காகிதம் சுத்தமாகத்தான் இருக்கும். அதைவிட எடை பார்ப்பது மேல். சுத்தமான தைலம் 100 மில்லி எடுத்தால் 91, 92 கிராம் நிற்கும். டர்பன்டைன் என்றால் 86 பக்கம், மண்ணெண்ணெய் 80 பக்கம். நகைக்கடைத் தராசு மாதிரிச் சின்னது ஒன்றும் அளவு குவளையும் இருந்தால் போதும், 88, 89 என்று காட்டினாலே சந்தேகப்படலாம். ஆனால் திருடனுக்கும் தராசு தெரியும், கனமான வேறொன்றை ஊற்றி எடையைச் சரிக்கட்டிவிடலாம். சீன எண்ணெயா நம் எண்ணெயா என்பதெல்லாம் இதில் தெரியவே தெரியாது, அதற்கு எண்ணெயில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டுகிற கேஸ் குரோமட்டோகிராபி இயந்திரம் வேண்டும். ஆகவே ஜனங்களே சோதித்துக்கொள்ளட்டும் என்று அதிகாரிகள் கையைக் கழுவ முடியாது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சீசன் முடிகிற வரைக்குமாவது ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மூன்று ஊரிலும் கடைகளிலிருந்து மாதிரி எடுங்கள். எடுத்ததை மலையிலேயே சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள், முடிவைப் பெயர் சொல்லி வெளியிடுங்கள். எந்தக் கொட்டகையில் காய்ச்சியது, எந்த பேட்ச் என்று எழுதாத பாட்டிலை விற்க விடாதீர்கள். வெளியிலிருந்து வந்த எண்ணெய் என்றால் அப்படியே எழுதி விற்கட்டும், அதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. மலையில் காய்ச்சுகிற கொட்டகைகளுக்கு வனத்துறை இலை எடுக்க அனுமதி கொடுக்கும்போதே எடுத்த இலைக்குக் கணக்கு இருக்கும். இத்தனை இலைக்கு இவ்வளவு எண்ணெய்தான் வரும் என்பது தெரிந்த கணக்கு. அதைவிடப் பல மடங்கு ‘நீலகிரி தைலம்’ கடையில் நின்றால் மீதி எங்கிருந்து வந்தது என்று கேட்க வேதியியல்கூட வேண்டாம், கூட்டல் கழித்தல் போதும்.

“ஏழை தள்ளுவண்டிக்காரன் பிழைப்பில் மண் போடாதீங்க” என்று இதற்கு உடனே ஒரு பதில் வரும், எனக்குத் தெரியும். கடைக்காரர்கள் சங்கத்தில் ஒருவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். தள்ளுவண்டியைப் பிடிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அவரைப் பிடித்து அபராதம் போட்டு போட்டோ எடுத்து வெளியிட்டால் வழக்கம்போல விஷயம் அத்தோடு முடிந்துவிடும். அவருக்குக் கேன் கொடுக்கிறவர் யார், பில் இல்லாமல் கொடுப்பது எப்படி, அந்தக் கேனை நிரப்புகிற இடம் எது என்று மேலே போக வேண்டும். ஒரு கேனைப் பிடித்தால் நூறு பாட்டிலைப் பிடித்ததற்குச் சமம்.

ஏற்கெனவே வாங்கி வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. லைசென்ஸ் நம்பரும் பேட்ச் நம்பரும் இல்லாத பாட்டிலாக இருந்தால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதைத் தொடவே வேண்டாம். கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், ஜூஸ் பாட்டிலில் மாற்றி ஊற்றி வைக்கிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். குழந்தை தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துப் போய், “இது ரோட்டோரம் வாங்கியது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது” என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் அவர் லேபிளை நம்பாமல் குழந்தையைப் பார்த்து வைத்தியம் செய்வார்.

வரும் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் இதையே மனுவாகக் கொடுக்கப் போகிறேன், கடைகளில் வாங்கிய பாட்டில்களும் மனுவோடு போகின்றன. எல்லாக் கடையிலும் பில் கேட்டேன், ஒருவர்தான் கொடுத்தார், அதிலும் ‘ஆயில்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது.

இப்படிக்கு,
மருந்துக்கடை நடத்தும் ஒரு வாசகி,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.